சந்தனப் பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

பூட்டிய அலமாரியில், பழைய பிரிண்டர் ரிப்பன்களுக்கு அடியில், டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டியை எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அது இருக்க வேண்டிய இடம் அலமாரி இல்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெட்டி தன் இடத்தில் இல்லாததால், தாராபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவின் உயிர் ஓர் ஆயுத பூசை நாளில் ஊசலாடியது. அதற்கான பழியை இன்னொருவர் சுமக்கப் பார்த்தார். அப்போது நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். முதல் மாடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஒட்டி, ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அதில் இரண்டு சர்வர்கள், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி. நோயாளியின் பெயர், பரிசோதனை எண், முடிவு எல்லாம் அந்த டிஸ்கில்தான். முதல் சர்வர் வேலை செய்யும். இரண்டாவது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய கேபிள். அதன் வழியாக முதலாவது "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பத்து விநாடி அந்தக் குரல் வராவிட்டால், முதலாவது செத்துவிட்டது என்று இரண்டாவது முடிவு கட்டி, டிஸ்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. குரல் நின்றதாலேயே ஆள் செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கேபிள் மட்டும் அறுந்திருக்கலாம். அப்போது இரண்டும் உயிரோடு இருக்கும், இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதும். ஒரே நோட்டில் இரண்டு பேர், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், மேலே மேலே எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

அதற்குத்தான் அந்தக் கறுப்புப் பெட்டி. இரண்டாவது சர்வர் டிஸ்கைத் தொடுவதற்கு முன், அந்தப் பெட்டி முதலாவதின் கரண்டைத் துண்டித்துவிடும். மெஷின்களை நிறுவ வந்த இன்ஜினியர் வெளியூர்க்காரர். "மேடம், அவன் செத்துட்டானான்னு சந்தேகம் வந்தா, முதல்ல கொன்னுடணும். அப்புறம்தான் டிஸ்க்கைத் தொடணும். இதுல மட்டும் இரக்கமே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அன்றைக்கு எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பெட்டி என் மானத்தை வாங்கியது இரண்டே வாரத்தில். தலைமை டாக்டர் வெளியூர் விருந்தாளிகளுக்குப் புது மெஷின்களைக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் சர்வர் ஏதோ பெரிய வேலையில் முக்கிக்கொண்டிருந்ததால் பத்து விநாடி பதில் சொல்லவில்லை. பெட்டி டக்கென்று அதன் கரண்டைப் பிடுங்கியது. ஆஸ்பத்திரி முழுக்கத் திரைகள் இருண்டன. "நல்லா ஓடிட்டு இருந்ததை எதுக்குங்க அம்மணி கொன்னுபோட்டீங்க?" என்றார் டாக்டர். விருந்தாளிகள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் 'ங்க' போட்டுத் திட்டினால் இரண்டு மடங்கு வலிக்கும்.

அன்று சாயங்காலமே பெட்டியைக் கழற்றினேன். பெட்டி இல்லாவிட்டாலும் டிஸ்கை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியை மாற்றி எழுதினேன். இன்ஜினியர் அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ரோஷம்தான், வேறு ஒன்றுமில்லை.

அந்த அறையைத் துப்புரவு செய்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. உக்கடம் தாண்டி எங்கிருந்தோ முதல் பஸ்ஸில் வருவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அந்த அறையின் ஆயுத பூசையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "நான் தொடைக்கற மெஷினுக்கு நாந்தானுங்க அம்மணி பொட்டு வெப்பேன்" என்பார். அவர் வாயில் அம்மணி என்ற சொல்லில் ஒரு பிரியம் இருக்கும். முதல் சர்வருக்குப் பெரியவர், இரண்டாவதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். எந்த வயரையும் தொடக்கூடாது என்று முதல் நாள் நான் கடுகடுவென்று சொல்லியிருந்தேன். பழைய மெஷின்கள் இருந்த காலத்தையும் சேர்த்து, மூன்று வருடத்தில் ஒரு வயரின் மேல் அவர் விரல் பட்டதில்லை.

ஆயுத பூசை அன்று ஊரில் மில்லெல்லாம் நின்றுவிடும். ஆஸ்பத்திரியை நிறுத்த முடியாதே. அதனால் ஓடுகிற எக்ஸ்ரே மெஷினுக்கும், நிற்கிற ஸ்ட்ரெச்சருக்கும், ஆம்புலன்சுக்கும் ஒரே மாதிரி சந்தனம், குங்குமம், மாலை. காலை ஒன்பதரைக்கு நிர்வாக அதிகாரி ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே எங்கள் அறைக்கு வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, முகம் நிறையச் சிரிப்பு. மெஷின்களைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஏனுங்க அம்மணி, மெஷினு ரெண்டும் தெக்க பாத்து நிக்குதுங்களே. சாமி கும்புடறப்ப கெழக்க பாத்து இருந்தா நல்லதுங்க. கொஞ்சூண்டு திருப்பி வெச்சுப்போடலாமுங்களா?"

"ஓடிட்டு இருக்குதுங்க சார்."

"ஓடட்டுமுங்க. நானென்ன நிறுத்தச் சொன்னனா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த அறைக்குள் மட்டும் என் வார்த்தைதான் செல்லும். அவரும் அதற்கு மேல் பேசியிருக்க மாட்டார். ஆனால் அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எப்படி முடியாது என்பது? நானும் இந்த ஊரில் வளர்ந்தவள்தானே. தவிர, நாள் கிழமையில் அறை அழகாக இருக்கட்டுமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. "பிடிங்க அக்கா" என்றேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். பெரியவரை மேசையோடு மெல்லத் திருப்பினோம், பிறகு சின்னவரை. டிஸ்குக்குப் போகும் தடித்த கேபிள்கள் நீளமானவை, திருகாணி முடுக்கியவை. மெல்லிய கேபிளின் திருகாணிகளை, அடிக்கடி கழற்றிப் பார்ப்பதற்காக, நான் முடுக்காமலே விட்டிருந்தேன். அது நகத்தின் அகலம் வெளியே வந்து, செருகியிருப்பது போலவே தொங்கியது. இருவருமே கவனிக்கவில்லை.

அந்த வருடம் பொட்டு நானே வைத்தேன். அக்கா சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவரின் முகப்பில் ஒரு சின்ன வட்ட விளக்கு உண்டு. டிஸ்க் அதன் கையில் இருந்தால் மட்டும் பச்சையாக எரியும். பெட்டியைக் கழற்றிய பிறகு சின்னவர் கைக்கு டிஸ்க் போனதே இல்லை என்பதால் அந்த எட்டு மாதமும் அது எரிந்ததில்லை. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் போல இருந்தது. அதன் மேலேயே கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். "அம்மணி கையி ராசியான கையிங்க" என்றார் அக்கா. தொங்கிய கேபிளின் தொடர்பு அப்போதுதான் விட்டிருக்க வேண்டும்; அந்த நேரம் சின்னவர் பத்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கும். விளக்கு எரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பூசை முடிந்து, பொரிகடலை பொட்டலங்கள் கைமாறி, வாசலில் பூசணிக்காய் உடைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பரிசோதனைக் கூடத்து மூத்த டெக்னீஷியன் என் வாசலில் வந்து நின்றார். அதிர்ந்து பேசாத மனிதர். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு ரத்தக் குழாய்.

"ஒரே நம்பர்ல ரெண்டு குழாய் வந்திருக்குதுங்க."

"உங்க ஆளுங்க தப்பா எழுதியிருப்பாங்க. பூசை மும்முரம்" என்றேன் எரிச்சலாக. வாயில் பொரி வேறு.

"அப்படித்தானுங்க நானும் நெனச்சேன். உள்ள இன்னும் நாலு ஜோடி இருக்குதுங்க."

பொட்டலத்தைக் கீழே வைத்தேன். கம்ப்யூட்டர் ஒரு எண்ணை ஒரு முறைதான் கொடுக்கும். இரண்டு முறை கொடுத்தால், கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். எழுந்து பெரியவரைப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு எப்போதும் போல எரிந்தது. சின்னவரின் முன் குனிந்து, நானே வைத்த பொட்டைக் கட்டைவிரலால் வழித்தேன். சந்தனத்துக்குக் கீழே பச்சையாக வெளிச்சம்.

என்ன நடந்தது என்று அந்த ஒரு நொடியில் முழுக்கப் புரிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் திரைகளைத் துடைப்பதற்காக அணைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார்கள். புதிதாகப் போட்டவை எல்லாம் சின்னவரிடம் போயிருக்கின்றன. அவசரப் பிரிவில் திரைகளை அணைக்கவே இல்லை. அவை பெரியவரிடமே பேசிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

முறைப்படி நிறுத்தலாமா என்று கை விசைப்பலகைக்குப் போனது, நல்ல வேளை நின்றது. முறைப்படி நிறுத்தினால், போகிற போக்கில் தன் நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் போகும். மிச்சம் இருப்பதும் பாழாகும். இங்கே மரியாதை ஆகாது. சின்னவரின் பின்பக்கம் கையை விட்டுக் கரண்ட் வயரைப் பற்றினேன்.

"அய்யோ அம்மணி, பூசை போட்ட பூக்கூட வாடலீங்க" என்று அக்கா வாசலிலிருந்து பதறினார்.

பிடுங்கினேன். சின்னவரின் விசிறி ஓய்ந்தது. பெரியவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது நல்ல பிள்ளைதான், தப்பே செய்யவில்லை. ஆனால் அதன் காலடியில் இருந்த டிஸ்கை ஒரு மணி நேரமாக வேறொரு கை கலைத்திருக்கிறது. அது இனி எதைப் படித்தாலும் நம்ப முடியாது. அதையும் பிடுங்கினேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

டெக்னீஷியன் இன்னும் போகவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"இந்த மொதக் குழாய் எமர்ஜென்சி பையனோடதுங்க. வாந்தி பேதின்னு வந்த பையன். பொட்டாசியம் ரொம்பக் கம்மி. நான் நம்பரைப் போட்டு முடிவை அடிச்சேன். ஆனா ரிப்போர்ட் அதே நம்பர் இருக்கற கிட்னி வார்டு அம்மா பேர்ல பிரிண்ட் ஆகிப் போயிருச்சுங்க."

"அதனால?"

"கம்மின்னு பாத்தா பொட்டாசியம் ஏத்துவாங்க. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே அதிகமுங்க. ஏத்துனா தாங்காது."

வார்டுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூசை நாள், யார் எங்கே நிற்கிறார்களோ. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறியதும், மாடி வளைவில் தோரணத்தில் முட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் மெஷின் கொடுத்த எண் ஒன்றுதான் தெரியும்.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவர் வீட்டுக்காரர், வயல்வேலை செய்து உரம் ஏறிய கைகளோடு, பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"இதுல பொட்டாசியம் கலந்திருக்கா?" என்றேன் நர்சிடம்.

"இப்பத்தான் கலந்து மாட்டினேன். ஏன்?"

நான் குழாயின் சக்கரத்தை உருட்டி மூடினேன். நர்ஸ் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். "யாருங்க நீங்க? டாக்டர் எழுதியிருக்காரு. யாரு சொல்லி மூடறீங்க?"

"நான்தான் சொல்றேன். ரிப்போர்ட் தப்பு. இது இவங்க ரத்தமே இல்லை. என் கம்ப்யூட்டர் பொய் சொல்லிருச்சு." குரல் உடைந்து, பாதி கத்தலாக வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். இரண்டு வார்த்தையில் புரிந்துகொண்டு ஊசியைக் கழற்றினார். புது ரத்தம் எடுத்து, காகிதத்தில் பெயர் எழுதி, டெக்னீஷியன் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பார்த்தார். முடிவு வரும்வரை நான் கட்டிலருகிலேயே நின்றேன். வீட்டுக்காரர் எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். "மேல்மூச்சு வாங்குதுங்களே, உக்காருங்க அம்மணி. சாமி பொரிங்க, ஒரு வாய் எடுத்துக்கங்க." என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டேன். வாயில் போட முடியவில்லை.

முடிவு வந்தது. அதிகம்தான், மிகவும் அதிகம். "இன்னும் அரை மணி ஓடியிருந்தா நெஞ்சு நின்னிருக்கும்" என்று டாக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஏழு ரிப்போர்ட்டுகள் மாறிப் போயிருந்தன. மற்ற ஆறையும் ஓடி ஓடித் திரும்ப வாங்கினோம். அவசரப் பிரிவுப் பையனுக்கு அவனுடைய முடிவு கையெழுத்தில் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் பிரதி எடுத்து வைத்த டேப்பிலிருந்து டிஸ்கை மீட்டு, காலையில் நடந்ததையெல்லாம் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே, நிர்வாக அதிகாரியின் அறைக்கு அழைப்பு வந்தது.

தலைமை டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரில் நிர்வாக அதிகாரி. கதவோரம் அக்காவையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். கேபிள் கழன்றிருந்ததை நான் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.

"எப்படிக் கழண்டுச்சு?" என்றார் தலைமை டாக்டர்.

நிர்வாக அதிகாரி துண்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். கிழக்கு மேற்கு பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. "தொடைக்கறப்ப கை பட்டிருக்குமுங்க" என்றார் பொதுவாக.

அக்கா என்னைப் பார்த்தார். மூன்று வருடம் ஒரு வயரையும் தொடாதவர், நான் பிடிங்க என்றதால் பிடித்தவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் மெஷினைத் திருப்பியதோடு நிற்காது; பெட்டி எங்கே என்று வரும். முடுக்காத திருகாணி வரும், மாற்றி எழுதிய வரி வரும், எட்டு மாதம் வரும். நான் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் இருக்கும்? பத்து விநாடி இருக்கும்.

என்னிடமிருந்து ஒன்றும் வராது என்று அவர் முடிவு கட்டியதை அவர் கண்ணில் பார்த்தேன்.

"நாந்தானுங்க. தொடைக்கறப்ப என்ற கையி பட்டுருச்சுங்க. தெரியாம பண்ணிப்போட்டேன்."

"செரிங்க. நாளைல இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார் நிர்வாக அதிகாரி, அதே மரியாதையோடு.

அக்கா தலையாட்டிவிட்டுக் கதவை நோக்கித் திரும்பினார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "இல்லைங்க" என்றேன். அறையிலிருந்து ஓடி, அலமாரியைத் திறந்து, ரிப்பன் தூசியோடு பெட்டியைக் கொண்டுவந்து நிர்வாக அதிகாரியின் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. "கெழக்க திருப்பச் சொன்னது யாருன்னு சாரையே கேளுங்க" என்றும் சொன்னேன். நிர்வாக அதிகாரி, "ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றார்.

அக்காவின் வேலை போகவில்லை. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது; என்னைத் துரத்தியிருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன். அந்த வாரமே இன்ஜினியர் வந்து பெட்டியை மாட்டினார், கேபிள் இரண்டானது, திருகாணிகளை நானே முடுக்கினேன். தாராபுரத்து அம்மா ஒன்பதாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியோடு நின்றார். நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளோடு எழுந்தேன். அவர் எப்போதும் போல "ஏனுங்க அம்மணி" என்று தொடங்குவார், நான் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள கூட்டலாமுங்களா, மேடம்?" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த அறையில் இருந்தேன். அம்மணி என்று அவர் என்னை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.